ஒரே ஒரு வரியைத்தான் சார் எடுத்தேன்!

ஆபீஸில் திடீரென்று நெட் நின்றுபோனால் நாம் என்ன செய்வோம்? முதல் ஐந்து நிமிஷம் பக்கத்து ஸீட்டைப் பார்த்து, "உனக்கு வருதா?" அடுத்த ஐந்து நிமிஷம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகல். அதற்கப்புறம்... டீக்கடை! மேனேஜர் மட்டும் நெட்வொர்க் ரூம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு பையன், ஏ.ஸி. குளிரிலும் வேர்த்து விறுவிறுத்து, "ஒரே ஒரு வரியைத்தான் சார் எடுத்தேன்" என்று முனகிக்கொண்டிருப்பான்.

அந்தப் பையன் எனக்கு எதிர் ஃபிளாட். வயசு இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, ஒரு தனியார் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினீயர். என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. சில மாசங்களுக்கு முன்னால், ஒரு மாசக் கடைசி நாள், ராத்திரி பத்தரை மணிக்குப் பேயறைந்த முகத்தோடு லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்தான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். எங்க கம்பெனியில இன்னிக்கு ஒருத்தருக்கும் சம்பளம் ஏறல. காரணம் நான்தான்!"

அவன் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் இல்லை. செக்கில் கையெழுத்துப் போடும் உத்தியோகமும் இல்லை. அவன் செய்ததெல்லாம் ஃபயர்வால் என்ற பெட்டியில் இருந்த ஒரு வரியை நீக்கியது. அதையும் கையால் செய்யவில்லை. ஒரு ஸாஃப்ட்வேர் எடுபிடியை விட்டுச் செய்யச் சொன்னான். அது சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டது. வினையே அதுதான்!

உட்கார வைத்து, காபி கொடுத்து, கதையைக் கேட்டேன். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஃபயர்வால் என்றால் நெருப்புச் சுவர். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டுக்குத் தாவாமலிருக்க நடுவில் எழுப்பும் கனத்த சுவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கம்ப்யூட்டர்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். 1988 நவம்பர் 2-ம் தேதி ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட ஒரு 'புழு' புரோகிராம், அன்றைய இன்டர்நெட்டில் பத்தில் ஒரு பங்கு கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்துவிட்டதாக மதிப்பிட்டார்கள். அதுவரை கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியவர்கள், அதற்கப்புறம்தான் மும்முரமாகத் தாழ்ப்பாள் தேட ஆரம்பித்தார்கள். 1994-ல் இஸ்ரேலின் செக் பாயின்ட் கம்பெனி 'ஃபயர்வால்-1' என்ற சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. தாழ்ப்பாள் விற்பது பெரிய பிஸினஸ் என்று ஊருக்கே தெரிந்தது அப்போதுதான்.

பெயர்தான் சுவர். பார்ப்பது என்னவோ வாட்ச்மேன் உத்தியோகம்.

எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன் தாத்தாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 'பால்காரர்: விடு. பேப்பர் பையன்: விடு. மூன்றாம் மாடிப் பையனின் சிநேகிதர்கள்: விடாதே. விருந்தாளிகள்: விடு.' கடைசிப் பக்கத்தில் செக்ரெட்டரி கையால் கொட்டை எழுத்தில், 'மேலே சொன்னவர்கள் தவிர எவன் வந்தாலும் விடாதே!' யாராவது கேட்டுக்கு வந்தால் தாத்தா மேலேயிருந்து வரிசையாகப் படிப்பார். பொருந்துகிற முதல் வரி என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். அதற்குக் கீழே படிக்க மாட்டார். (கண் தெரியாதது வேறு விஷயம்!)

ஃபயர்வாலும் பெரும்பாலும் இப்படித்தான். ஒவ்வொரு வரிக்கும் 'ரூல்' என்று பெயர். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தக் கதவு வழியாக, விடலாமா கூடாதா, அவ்வளவுதான். கதவுகளுக்கு நம்பர் உண்டு. நீங்கள் பாங்க் வெப்சைட்டைப் பார்க்கும்போது தட்டுவது 443-ம் நம்பர் கதவு. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது 25-ம் நம்பர்.

இப்போது ஒரு கேள்வி. அந்த நோட்டில் 'மூன்றாம் மாடிப் பையனின் சிநேகிதர்கள்' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று நினைப்பீர்கள். ஆனால் அடுத்த வரி 'விருந்தாளிகள்: விடு'. மொத்தக் கும்பலும் விருந்தாளி என்ற பெயரில் ஜாம் ஜாமென்று உள்ளே வந்துவிடும்! ஒரு வரியை எடுப்பது என்பது வெறுமே ஒரு வரியை எடுப்பது இல்லை. கீழே இருக்கிற வரிகளுக்கெல்லாம் புது அதிகாரம் கொடுப்பது.

சரி, எதற்காக எடுக்க வேண்டும்? இருந்துவிட்டுப் போகட்டுமே?

"அங்கேதான் அங்கிள் பிரச்னையே. ரூல் சேர்க்கறதுக்கு நூறு பேர் வருவாங்க. எடுக்கச் சொல்ல ஒருத்தன் வர மாட்டான்" என்றான் தம்பி. ஆடிட்டர் ஒரு வாரம் வருகிறார், அவர் லேப்டாப்புக்கு ஒரு வரி. வாரம் முடிந்து அவர் போய்விடுவார், வரி போகாது. வெளியூர் கம்பெனி ஒன்று மெஷினை ரிப்பேர் பார்க்க ஒரு வரி. கான்ட்ராக்ட் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த வரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். 'டெம்ப்' என்று பெயர் வைத்ததெல்லாம் நிரந்தரம். பத்து வருஷத்தில் ஒரு பெட்டியில் ஆயிரம் வரி சேர்வது சர்வசாதாரணம். எந்த வரி எதற்கு என்று தெரிந்த ஆசாமி வேலையை விட்டு எப்போதோ போயிருப்பார்.

இதில் ஆபத்து எங்கே என்றால், காலி செய்த வீட்டுக்காரன் சாவியைத் திருப்பித் தராமல் போன மாதிரி அது. பழைய மெஷினை எடுத்துவிட்டு, அதே நெட்வொர்க் முகவரியை ஒரு புது மெஷினுக்குக் கொடுத்திருப்பார்கள். பழைய மெஷினுக்குக் கொடுத்த சலுகை முழுக்க, யாரும் கேட்காமலே புது மெஷினுக்குப் பாகப்பிரிவினை ஆகியிருக்கும்! கிரெடிட் கார்டு விவரங்களைக் கையாளும் கம்பெனிகள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த ரூல்களை உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று கார்டு கம்பெனிகளின் விதியே இருக்கிறது.

பார்க்கலாம். ஆனால் அழிக்க யாருக்குத் துணிச்சல்? சேர்த்தால் 'தாங்க்ஸ்', அழித்தால் மெமோ!

நூறு கிளைகள் இருக்கும் கம்பெனியில் நூறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நுழைந்து, ஒரே வரியைத் தேடி, ஒரே கமாண்டை நூறு தடவை அடிப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும். எழுபத்தெட்டாவது பெட்டியில் தூக்கக் கலக்கத்தில் 7-க்குப் பதில் 1 அடித்துத் தொலைப்போம். அதனால்தான் எடுபிடி ஸாஃப்ட்வேர்கள் வந்தன. அதில் பிரபலமானது 'ஆன்ஸிபிள்'. மைக்கேல் டிஹான் என்பவர் 2012-ல் வெளியிட்டார். 2015-ல் ரெட் ஹாட் கம்பெனி விலைக்கு வாங்கியது. பெயர், விஞ்ஞானக் கதைகளில் வரும் ஒரு கருவியுடையது. எத்தனை கோடி மைலுக்கு அப்பாலிருந்தாலும் நொடியில் சேதி சொல்லும் கருவி. 1966-ல் உர்சுலா லெ க்வின் என்ற அம்மையார் தன் நாவலில் உண்டாக்கிய வார்த்தை.

இதன் அழகு என்னவென்றால், நீங்கள் 'இப்படிப் போ, அப்படித் திரும்பு' என்று வழி சொல்ல வேண்டியதில்லை. முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு ஃபைலில் எழுதிக்கொடுத்தால் போதும். 'இந்தப் பெயருள்ள ரூல்... இருக்கக் கூடாது!' அது நூறு பெட்டிக்கும் போய், இருந்தால் எடுக்கும். ஏற்கெனவே இல்லையென்றால், 'சரி, இல்லை' என்று சமர்த்தாகத் திரும்பி வரும். இரண்டாம் தடவை ஓட்டினாலும் குடிமுழுகாது.

கையால் அழிக்கும்போது இந்த நிம்மதி கிடையாது. லினக்ஸில் 'ஐபி டேபிள்ஸ்' என்று ஒன்று. அதில் ரூல்களை வரிசை நம்பர் சொல்லி அழிக்கலாம். மூன்றாவதையும் நாலாவதையும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை அழித்த மாத்திரத்தில், ரேஷன் கடைக் கியூ மாதிரி எல்லாரும் ஒரு அடி முன்னால் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் 'நாலு' என்று அடிக்கும்போது பலியாவது பாவம், பழைய ஐந்து! அதனால் விவரம் தெரிந்தவர்கள் கீழேயிருந்து மேலே அழித்துக்கொண்டு போவார்கள்.

அதிலேயே இன்னொரு கண்ணிவெடி. 'எல்லா ரூல்களையும் துடைத்துவிடு' என்று ஒரு குட்டிக் கமாண்ட் உண்டு. ரூல்கள் போய்விடும், ஆனால் 'வேறு எவன் வந்தாலும் விடாதே' என்ற பொதுக் கொள்கை தனி, அது அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து அந்த சர்வருக்குள் நுழைந்திருக்கும் நீங்களும் 'எவன்' லிஸ்ட்டில் சேர்ந்துவிடுவீர்கள். திரை உறைந்து போகும். நேரில் போக வேண்டியதுதான்.

இனி நம் தம்பியின் கதை.

மேலிடத்திலிருந்து உத்தரவு: 'குப்பை ரூல்களைக் கழித்துக்கட்டு.' அவன் சும்மா அழிக்கிற ஆளில்லை. ஒவ்வொரு ரூலையும் எத்தனை தடவை உபயோகித்திருக்கிறார்கள் என்று பெட்டியே ஒரு கணக்கு வைத்திருக்கும். 25-ம் தேதி பார்த்தான். 'டெம்ப் டெஸ்ட் 2' என்று ஒரு ரூல். உபயோகம்: பூஜ்யம். பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா, குப்பை! 26-ம் தேதி மாலை ஃபைலில் 'இருக்கக் கூடாது' லிஸ்ட்டில் சேர்த்து, எடுபிடியை ஏவினான். நாலு நிமிஷத்தில் பச்சை பச்சையாக 'முடிந்தது, முடிந்தது' என்று வந்தது. சந்தோஷமாகப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

27, 28, 29... ஒரு போன் இல்லை. மாசத்தின் கடைசி வேலை நாள் வந்தது. பதினோரு மணிக்கு அக்கவுண்ட்ஸிலிருந்து, "சம்பள ஃபைல் பாங்குக்குப் போகவில்லை."

அந்த 'டெம்ப் டெஸ்ட் 2', வருஷங்களுக்கு முன்னால் எவரோ சோதனைக்காகப் போட்டது. சோதனை வெற்றி! அப்படியே விட்டுவிட்டார்கள். மாசத்துக்கு ஒரே ஒரு தடவை, கடைசி நாள், சம்பள ஃபைல் அதன் வழியாகத்தான் போகும். அப்படியானால் கணக்கு ஏன் பூஜ்யம் காட்டியது? 3-ம் தேதி கரண்ட் கோளாறில் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் கணக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். முந்தின மாசச் சம்பளம் போன தடயம் சுத்தமாக இல்லை!

"கையால ஒரு பெட்டியில மட்டும் எடுத்திருந்தா, ரிசர்வ் பெட்டி வழியாவது போயிருக்கும் அங்கிள். இந்த எடுபிடி ரெண்டுலயும் சுத்தமா எடுத்துடுச்சு" என்றான். அதைவிடக் கொடுமை, நாலு நாள் முன்னால் எடுத்த வரிக்கும் இன்றைக்கு நிற்கிற ஃபைலுக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. பாங்கைக் குறை சொன்னார்கள். பாங்க், கேபிளைக் குறை சொன்னது. சர்வரை இரண்டு தடவை அணைத்து ஏற்றினார்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத்தான் அவனுக்கே பொறி தட்டியது. பழைய ஃபைலை எடுத்து மறுபடி ஓட்டினான். நாலே நிமிஷம். வழி திறந்தது. அதற்குள் பாங்கின் அன்றைய நேரம் முடிந்திருந்தது.

மறுநாள் சம்பளம் வந்துவிட்டது என்றாலும், ஒன்றாம் தேதி காலையிலேயே இ.எம்.ஐ. பிடிக்கிறவர்கள் காத்திருப்பார்களா? பலருக்கு பவுன்ஸ். அதில் ஒன்று தம்பியின் பைக் லோன்! ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருத்தர் அவனிடமே வந்து, "ஏன் தம்பி, உங்களுக்காவது வந்துச்சா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் கம்மியது.

ரூலை எடுத்த அந்த நிமிஷமே எதுவும் நிற்காது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஃபயர்வால்கள், ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களைப் பாதியில் எழுப்பி அனுப்பாது. புதிதாக வருகிறவர்களைத்தான் ரூல் பார்த்து நிறுத்தும். வெள்ளிக்கிழமை எடுத்த ரூலின் பலன், திங்கட்கிழமை எல்லாரும் புதிதாக லாகின் செய்யும்போது தெரியும். 'மூணு நாளா நல்லாத்தானே ஓடிச்சு' என்று சத்தியம் பண்ணலாம்!

தம்பியைத் தேற்றுவதற்காக நான் கனடா கதையைச் சொன்னேன். (அவன் மனசு என்னவோ ஆறவில்லை. எனக்குச் சொல்ல ஆசை.)

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ரோஜர்ஸ் என்பது கனடாவின் மிகப் பெரிய டெலிபோன், இன்டர்நெட் கம்பெனிகளில் ஒன்று. தன் மைய நெட்வொர்க்கை ஏழு கட்டமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆறாவது கட்டம். விடிகாலை 4.43-க்கு ரவுட்டர்களில் ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். சரியாகச் சொன்னால் அது ஃபயர்வால் ரூல் இல்லை, அதன் சித்தப்பா பிள்ளை. 'இந்த வழித் தகவலை உள்ளே விடு, அதை விடாதே' என்று பொறுக்கி அனுப்புகிற பட்டியல். அது போனதும், உலக இன்டர்நெட்டின் வழித் தகவல்கள் மொத்தமும் மைய ரவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தன. இரண்டே நிமிஷம். 4.45-க்கு மையம் மூச்சுத் திணறிச் சாய ஆரம்பித்தது.

ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். செல்போன் இல்லை, வீட்டு இன்டர்நெட் இல்லை. இன்டராக் என்ற டெபிட் கார்டு ஏற்பாடு நாடு முழுக்கப் படுத்துவிட்டது. கடையில் காப்பி வாங்கக்கூட ரொக்கம் தேட வேண்டியிருந்தது. டொரன்டோவில் அன்று ராத்திரி நடக்கவிருந்த 'த வீக்எண்ட்' இசை நிகழ்ச்சி தள்ளிப்போனது. மைதானத்தின் பெயரே ரோஜர்ஸ் சென்டர்! சிரிப்பு இத்தோடு சரி. போலீஸ், ஆம்புலன்ஸை அழைக்கும் 911-க்குப் பலரால் பேச முடியவில்லை. டொரன்டோவில் நம் ஜனங்கள் எத்தனை ஆயிரம் குடும்பம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டியதுதானே? எங்கே வைப்பது? ரவுட்டர்களை நிர்வாகம் செய்கிற வழியும் அதே நெட்வொர்க் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த கிளையையே வெட்டிய கதை! இன்ஜினீயர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் எல்லாரிடமும் இருந்தது, சொந்தக் கம்பெனி போன்! போட்டிக் கம்பெனிகளின் சிம் கார்டுகளைச் சேகரித்து அனுப்பினார்கள். காரணம் என்னவென்று கண்டுபிடிக்கவே 14 மணி நேரம். மொத்தம் 26 மணி நேரம் முடக்கம். வாடிக்கையாளர்களுக்கு ஐந்து நாள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது கம்பெனி.

பிற்பாடு வந்த விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ஏழு கட்ட வேலைக்கு முதலில் 'அபாயம் அதிகம்' என்றுதான் முத்திரை குத்தியிருந்தார்கள். முதல் சில கட்டங்கள் நல்லபடி முடிந்ததும், அபாயத்தைக் கணக்குப் பார்க்கும் முறை தானாகவே 'அபாயம் குறைவு' என்று இறக்கிவிட்டது! குறைவு என்றதும் மேலதிகாரிகளின் கூடுதல் பரிசோதனையும் தேவைப்படாமல் போய்விட்டது. அஞ்சு தடவை ஹெல்மெட் இல்லாமல் போய் ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஆறாவது தடவை அடிபடாது என்கிற மாதிரி.

2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரத்துக்கு மேல் உலகத்திலிருந்தே காணாமல் போனதும் இதே வம்சம்தான். பராமரிப்பு வேலையில் தட்டிய ஒரு கமாண்ட். அதை வழிமறித்து நிறுத்துவதற்கென்றே ஒரு தணிக்கை ஸாஃப்ட்வேர் இருந்தது. அதிலேயே ஒரு கோளாறு. ஆள் அனுப்பினால், டேட்டா சென்டருக்குள் நுழையவே நேரம் பிடித்தது. பாதுகாப்பு அவ்வளவு பலம்!

"அங்கிள், இதுக்கு மாத்து இருக்கு" என்றான் தம்பி, கொஞ்சம் தெம்பு வந்து. ஜூனிப்பர் கம்பெனி ரவுட்டரில் மாறுதலைச் செய்யும்போதே, 'நான் மறுபடி வந்து சரி என்று சொல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் பழையபடி ஆக்கிவிடு' என்று சொல்லி வைக்கலாம். நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அதுவே கதவைத் திறந்துவிடும். சிஸ்கோ ஆட்கள் காலகாலமாக வேறு தந்திரம் வைத்திருக்கிறார்கள். 'பத்து நிமிஷத்தில் நீயே அணைந்து எழு' என்று முதலிலேயே உத்தரவு. எழும்போது சேமித்து வைத்த பழைய ரூல்களோடு எழும். எல்லாம் சரியாக இருந்தால் உத்தரவை ரத்து செய்துவிட்டு, புதியதைச் சேமித்துக்கொள்ளலாம். ரத்து செய்ய மறந்து, நடுப்பகலில் ஆபீஸையே ஒரு தடவை அணைத்து எழுப்பியவர்களும் உண்டு. அவர்கள் இந்தப் பத்தியைப் படித்துத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இப்போது தம்பி ரூல்களை அழிப்பதே இல்லை. முதலில் செயலிழக்க மட்டும் செய்கிறான்; அந்த வழியாக எவன் வந்து முட்டினாலும் குறித்துவைக்கச் சொல்கிறான். எடுபிடியிடம், 'செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டு' என்று ஒத்திகை பார்க்கிறான். அப்படி ஒரு வசதி ஆன்ஸிபிளிலேயே இருக்கிறது. அவன்தான் அவசரத்தில் உபயோகிக்கவில்லை. பிறகு ஒரு கிளை. ஒரு மாசக் கடைசி தாண்டிய பிறகுதான் மற்றவை. புது ரூல் கேட்டு வருகிறவர்களிடம் பெயர், காரணம், காலாவதித் தேதி மூன்றையும் வாங்காமல் விடுவதில்லை. "ஆபீஸ்ல என்னை இப்ப ரேஷன் கடைக்காரர்னு கூப்பிடறாங்க" என்றான். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கு முந்தின மாசம் எங்கள் ஃபிளாட் மீட்டிங். வாட்ச்மேன் தாத்தாவின் நோட்டில் கண்ட பெயர்களும் சேர்ந்துவிட்டன, பழையதையெல்லாம் அடித்துவிடலாம் என்று செக்ரெட்டரி சிவப்புப் பேனாவை எடுத்தார். பின் வரிசையிலிருந்து தம்பி துள்ளி எழுந்தான்.

"சார், அடிக்காதீங்க! பென்ஸில்ல லேசா ஒரு கோடு மட்டும் போடுங்க. அந்த ஆளுங்க வந்தா தாத்தா நிறுத்தி வெச்சு, உங்களுக்கு ஒரு போன் போடட்டும். ஒரு மாசம் பார்ப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். பென்ஸில் கோடு போட்டாயிற்று. பதினேழு நாள் ஒருத்தரும் வரவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் செக்ரெட்டரிக்கு போன். 'முருகன், கோடு போட்டது' கேட்டில் நிற்கிறாராம். யாரந்த முருகன் என்று கீழே போய்ப் பார்த்தால், மாசத்துக்கு ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர்!